முதல் நாள் ஒன்றும் செய்யாமல் அனுப்பிய பல் டாக்டர்

சென்னை அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், முதல் மாடியில் இருக்கிறது இந்தக் குழந்தைகள் பல் மருத்துவமனை. லிஃப்ட் கிடையாது. வாசலில் இரண்டு ஸ்கூட்டர் நிறுத்தலாம். கார் என்றால் தெருக்கோடி வரை போய் இடம் தேட வேண்டும். பெயரைப் போட்டால் விளம்பரம் என்பீர்கள், போடாவிட்டால் அப்புறம் எதற்கு விமர்சனம் என்பீர்கள். போடவில்லை. இங்கே பார்த்ததை வைத்து உங்கள் பேட்டையில் இருக்கும் டாக்டரை நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் தரப் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வில்லிவாக்கத்தில் வீடு. மகனுக்கும் மருமகளுக்கும் ஓ.எம்.ஆர்.ரில் வேலை, காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புவார்கள். எனவே பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி, காய்ச்சல், பல் எல்லாம் என் இலாகா. பில்லைக் கோப்பில் போட்டு வைப்பதும், போகிற இடத்திலெல்லாம் மூலை முடுக்கை நோட்டம் விடுவதும் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இன்னும் போகவில்லை.

பேரனுக்கு 5 வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. சாப்பிடும்போது மட்டும் கன்னத்தைப் பிடித்தவன், போகப்போக நடு ராத்திரியில் எழுந்து அழ ஆரம்பித்தான். முதலில் எங்கள் பக்கத்திலேயே இருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். பெரியவர்களுக்கு நன்றாகப் பார்ப்பார், என் பல்செட் அவர் கட்டியதுதான். பையன் வாயை எட்டிப் பார்த்துவிட்டு, "பால் பல்தானே சார், எப்படியும் விழப்போறதுதான். புடுங்கிடலாம். நீங்க கையைப் பிடிச்சுக்கோங்க, அம்மா காலைப் பிடிச்சுக்கட்டும்" என்றார். அதற்குள் பையன் என் வேட்டியைப் பிடித்து வாசல் பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டான்.

விழப்போகிற பல் என்பது சரிதான். எப்போது விழும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும். கடைவாயில் இருக்கும் பால் பற்கள் 10 வயதிலிருந்து 12 வயது வரை நின்று உழைக்க வேண்டியவை. 5 வயதில் அதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு விட்டால், 6 வயது வாக்கில் அதற்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் காலி இடத்தைப் பார்த்து முன்னால் சாய்ந்து நகர்ந்துவிடும். உரிய பல் முளைக்கும் காலம் வரும்போது அதற்கு இடம் இருக்காது. கோணலாக வரும், இல்லையென்றால் ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு பள்ளிக்கூட வயதில் கிளிப்புக்கு அலைய வேண்டியதுதான். அதற்காகப் பிடுங்கவே கூடாது என்றும் இல்லை. காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அப்படிப் பிடுங்கினால் இடத்தைக் காக்க 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' என்று ஒரு கம்பி வளையம் மாட்டுவார்கள். பிடுங்கலாம் என்று சொல்கிற டாக்டர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்றால் நீங்கள் எடுங்கள்.

இனி அண்ணா நகருக்கு வருகிறேன்.

காத்திருக்கும் அறையில் சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி, மீன் தொட்டி, சத்தமாக ஓடும் கார்ட்டூன், கூடை நிறைய பொம்மை. பெற்றோர்கள் செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதிலெல்லாம் மதிப்பெண் போடத் தோன்றவில்லை. காசு இருந்தால் யாரும் வாங்கிப் போடலாம். நான் பார்த்தது டாக்டரை. எம்.டி.எஸ். பட்டமும், குழந்தைகள் பல் மருத்துவம் என்ற துறைப் பெயரும், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் சுவரில் மாட்டியிருந்தன. பல் மருத்துவத்தில் பி.டி.எஸ். முடிக்க 5 ஆண்டு. குழந்தைகளுக்கென்று தனியாகப் படிக்க இன்னும் 3 ஆண்டு, அதுதான் எம்.டி.எஸ். 'கிட்ஸ்' என்று பலகை போட்ட எல்லா இடத்திலும் அந்த 3 ஆண்டு படித்தவர் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். பி.டி.எஸ். டாக்டர்களிலும் குழந்தைகளை அருமையாகக் கையாளுபவர்கள் உண்டு. ஆனால் எது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

சின்ன வயது டாக்டரம்மா. பெயரைக் கூப்பிட்டு உள்ளே அழைப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தோம். அவரே வெளியே வந்து தரையில் உட்கார்ந்து பையனின் ஷூவில் எரியும் லைட்டைப் பற்றி விசாரித்தார். உள்ளே போனதும் நாற்காலியை ஏற்றி இறக்கும் பொத்தானை அவனையே அமுக்கவிட்டார். தண்ணீர் பீய்ச்சும் கருவியை முதலில் அவன் உள்ளங்கையில் அடித்துக் காட்டினார். எச்சில் உறிஞ்சும் குழாயை ஒரு டம்ளர் தண்ணீரில் விட, அது சர்ரென்று குடித்ததைப் பார்த்துப் பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் கண்ணாடியை மட்டும் வாய்க்குள் விட்டு ஒண்ணு, ரெண்டு என்று பல்லை எண்ணினார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. 20 வந்தது. பால் பற்கள் மொத்தமே அவ்வளவுதான். பல்லுக்கு ஒரு போட்டோ என்று சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். முடிந்தது. வலிக்கு எடையைக் கேட்டு மருந்து எழுதிக்கொடுத்து, வேறொரு நாள் காலையில் வரச் சொன்னார்.

படி இறங்கும்போது என் வீட்டுக்காரம்மா, "ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கிட்டு ஒண்ணுமே பண்ணலையே" என்றாள். கீழே நின்றிருந்த இன்னொரு பாட்டியும் அதற்கு ஆமாம் போட்டார். எனக்கென்னவோ, அந்த 500 ரூபாய்தான் இங்கே கொடுத்ததிலேயே உருப்படியான செலவு. சொல்லு, காட்டு, பிறகு செய் என்பது குழந்தைகள் பல் மருத்துவத்தில் 1950களிலிருந்து இருக்கும் பாடம். பாடம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவதுதான் யாருக்கும் கட்டுப்படி ஆவதில்லை. முதல் நாளே டிரில்லரைக் கையில் எடுத்து மூன்று பல்லை முடித்து அனுப்புகிறவர் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறார். பையன் அடுத்த முறை அந்தத் தெருவுக்கே வர மாட்டான்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. கன்னம் வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் இந்தப் பழகும் படலமெல்லாம் கிடையாது, அன்றைக்கே பார்க்க வேண்டும். நான் நேரம் கேட்டு ஃபோன் செய்தபோதே இதையெல்லாம் வரிசையாகக் கேட்டார்கள். அதிலேயே எனக்கு ஓரளவு நம்பிக்கை வந்துவிட்டது.

எங்களுக்கும் ஒரு பாடம் நடந்தது. சேட்டை செய்தால் டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன் என்று நம் வீடுகளில் மிரட்டுவது வழக்கம். அதை அடியோடு நிறுத்தச் சொன்னார். அதற்கு நேர் எதிராக, "ஊசியெல்லாம் போடவே மாட்டாங்கடா, வலிக்கவே வலிக்காது" என்று ஆட்டோவில் வரும்போது சத்தியம் செய்வதும் கூடாது. ஊசி போட வேண்டியிருந்தால் டாக்டர் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். அறைக்குள் ஒருவர் உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது. "பாட்டி, நீங்க பக்கத்துலயே இருங்க, பேச்சு மட்டும் என்னோடது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நியாயம்தான். அழாதே, ஒண்ணும் இல்லை, தைரியமா இரு என்று மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொன்னால், எதற்கு இத்தனை பேர் தைரியம் சொல்கிறார்கள் என்று பிள்ளைக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்!

சிகிச்சைக்குக் காலை 10 மணி நேரம் கொடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தூங்கி எழுந்து, வயிறு சாந்தமாக இருக்கும்போது ஒத்துழைப்பார்கள். சாயங்காலம் பள்ளி முடிந்து களைத்து வரும் பிள்ளையைக் கூட்டிப்போய் அடம் பிடிக்கிறான் என்று குறை சொல்லிப் பயன் இல்லை. மரத்துப்போக ஊசி போடுவதால் வெறும் வயிறும் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும், வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு வந்தால் வாந்தி வரும் என்றார்.

குழி நரம்பு வரை போயிருந்ததால் பால் பல்லுக்கான வேர் சிகிச்சை. முதலில் ஈறில் மரக்கும் ஜெல், பிறகுதான் ஊசி. ஊசியை அவன் கண்ணில் காட்டவில்லை, ஆனால் ஒன்றும் இருக்காது என்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும் தங்கம், நீ பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்" என்றார். வேண்டாம் என்று தோன்றினால் இடது கையைத் தூக்கு, நான் நிறுத்திவிடுவேன் என்று ஒப்பந்தம். பையன் சும்மாவே கையைத் தூக்கிச் சோதித்துப் பார்த்தான். நிஜமாகவே நிறுத்தினார். அதன் பிறகு அவன் கை அதிகம் எழவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது உதட்டைப் பற்றி. ஊசி போட்ட இடம் இரண்டு, மூன்று மணி நேரம் மரத்திருக்கும். பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருக்கும். உதட்டைக் கடித்து, மென்று பார்க்கும். வலிக்காததால் புண்ணாக்கிக்கொள்ளும். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாக நிற்பதைப் பார்த்து, சிகிச்சையில்தான் ஏதோ கோளாறு என்று பெற்றோர்கள் ஓடி வருகிறார்களாம். மரப்பு விலகும் வரை சாப்பாடு வேண்டாம், பக்கத்திலேயே இருந்து வாயைக் கவனியுங்கள் என்றார். இதைச் சொல்லாமல் அனுப்பும் இடங்கள் உண்டு.

பிறகு கேப். வேர் சிகிச்சை செய்த பால் பல் உடையக்கூடியது, மூடித்தான் ஆக வேண்டும். இங்கேதான் பல இடங்களில் பர்ஸுக்குக் கத்தி வைப்பார்கள். வெள்ளை நிற ஜிர்கோனியா, வெள்ளி நிற ஸ்டீல் என்று இரண்டு வகை. ஜிர்கோனியாவுக்குப் பல்லை அதிகம் தேய்க்க வேண்டும், விலையும் அதிகம். முன்பல் என்றால் அழகுக்காக யோசிக்கலாம், பின்னால் இருப்பதற்கு ஸ்டீலே நன்றாக உழைக்கும் என்றார் டாக்டரம்மா. ரயில் பெட்டிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டைத் தட்டிப் பார்த்து ஓய்வு பெற்றவனிடம் அதை அவ்வளவு விளக்கியிருக்க வேண்டியதில்லை. வேர் சிகிச்சைக்கு 4,000 ரூபாய், ஸ்டீல் கேப்புக்கு 2,500. மருத்துவக் காப்பீட்டில் எதுவும் திரும்ப வரவில்லை. புறநோயாளியாகச் செய்யும் பல் வைத்தியத்தைப் பெரும்பாலான பாலிசிகள் தொடுவதே இல்லை.

எதிர்ப்பக்கம் இன்னொரு சொத்தை, நரம்பு வரை போகாதது. அதற்கு ஊசியும் இல்லை, டிரில்லரும் இல்லை. சில நாள் முன்பாகப் பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் மாட்டி இடம் உண்டாக்கிவிட்டு, பிறகு கேப்பை அப்படியே ஒட்டி அழுத்திவிட்டார். சொத்தையைச் சுரண்டாமலா என்று கேட்டேன். உள்ளே இருக்கும் கிருமிக்குச் சர்க்கரை போகும் வழியை அடைத்துவிட்டால் சொத்தை அப்படியே நின்றுவிடும் என்றார். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்துவந்த முறையாம், அவர் பெயராலேயே 'ஹால் டெக்னிக்' என்கிறார்கள். முதல் சில நாள் கடிக்கும்போது உயரமாகத் தெரியும், தானாகச் சரியாகிவிடும். பையன் இரண்டு பக்கமும் இரும்புப் பல் வந்த பெருமையில் பால்காரர் வரை வாயைத் திறந்து காட்டினான்.

காத்திருந்தபோது பார்த்த இன்னொன்று. ஒரு வயதுக் குழந்தையோடு ஓர் அம்மா. அவ்வளவு சின்னதற்குப் பல் டாக்டர் எதற்கு என்று என் மனைவி முணுமுணுத்தாள். முதல் பல் முளைத்து ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. டாக்டரும் அம்மாவும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து, பிள்ளையை அம்மா மடியிலிருந்து டாக்டர் மடிக்குத் தலை வரும்படி சாய்த்தார்கள். பிள்ளை அழுதது; அழும்போது வாய் தானாகத் திறந்தது; பார்த்து முடித்துவிட்டார். மேல் முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடு இருந்தால் அது சொத்தையின் ஆரம்பம். இரவு பாட்டிலில் சர்க்கரை போட்ட பாலைக் குடித்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு அங்கேதான் முதலில் வரும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடுகிறது.

அழுது புரளும் குழந்தைக்கு, இன்னும் பெரிதாகாத சொத்தையை நிறுத்த 38 சதவீத சில்வர் டயமீன் ஃபுளோரைடு என்று ஒரு மருந்தைத் தடவுகிறார்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். அதை முன்னாலேயே சொல்லி, போட்டோவும் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குகிறார் இவர்.

ஃபுளோரைடு என்றதும் என் மருமகள் நினைவுக்கு வருகிறாள். அவள் ஊர் தருமபுரி. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பழுப்பேறிய பல்லோடு வளர்ந்த உறவுக்காரர்கள் அவளுக்கு ஏராளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அதனால் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு இல்லாத ஸ்ட்ராபெரி பேஸ்ட்டாகத் தேடி வாங்குவாள். அவள் பயம் வெறும் பயம் இல்லை, கண்ணால் பார்த்தது. ஒரு சனிக்கிழமை அவளே வந்து கேட்டாள். பல் உருவாகும் வயதில் வருடக்கணக்காகத் தண்ணீரோடு விழுங்குவது வேறு, பிரஷ்ஷில் துளி வைத்துத் துப்புவது வேறு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். 3 வயது வரை அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு, 1000 பி.பி.எம். ஃபுளோரைடு இருக்கிறதா என்று டியூபில் பார்த்து வாங்குங்கள், கார்ட்டூன் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். 7, 8 வயது வரை பெரியவர் ஒருவர்தான் தேய்த்துவிட வேண்டும், முக்கியமாக இரவில். தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றும் கூடாது. எங்கள் வீட்டில் படுக்கும் முன் பூஸ்ட் குடிப்பது அன்றோடு ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தி வந்துவிட்டது.

இனிப்பைவிட எத்தனை தடவை என்பதுதான் வினை என்றும் சொன்னார். விருந்தில் ஒரு ஜிலேபி சாப்பிட்டு வாய் கொப்பளிப்பதைவிட, மத்தியானம் முழுக்கக் கிரீம் பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டே இருப்பது மோசம்.

பேத்திக்கு 8 வயது, அவளையும் காட்டினோம். 6 வயதில் வரிசையின் கடைசியில் முளைக்கும் அந்தப் பெரிய பல்லைப் பற்றி முன்பே சொன்னேன். எந்தப் பல்லும் விழாமல் தானாக முளைப்பதால் அதையும் பால் பல் என்றே பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு விழுந்து முளைக்காது. அதன் மேல் பள்ளங்களில் சொத்தை வராமல் சீலண்ட் பூசினார்கள், வலியே இல்லாத வேலை.

இப்போது குறைகள். சொன்ன நேரத்துக்கு உள்ளே விட்டதே இல்லை. ஒரு பிள்ளைக்கு நேரம் எடுத்துக்கொண்டால் அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும் என்றாலும், கிளம்பும் முன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாமே. சிகிச்சை அறையின் தடுப்பு மெல்லியது, உள்ளே ஒரு பிள்ளை அழுதால் வெளியே இருப்பதெல்லாம் முகத்தைச் சுருக்குகிறது. டாக்டர் சாதா பேஸ்ட் போதும் என்கிறார், வரவேற்பு மேசையிலோ விலை கூடிய பேஸ்ட்டும் 'ஃபுளோரைடு பேக்கேஜும்' விற்கிறார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டால் நல்லது. பில்லில் மொத்தத் தொகை மட்டும் வந்தது; எந்தப் பல்லுக்கு எவ்வளவு என்று கேட்டுத்தான் வாங்கினேன். பொம்மைக் கூடையைக் கழுவியதாகத் தெரியவில்லை. ஆனால் கருவிகள் ஒட்டிய உறையில் வந்தன, கிருமி நீக்கியதைக் காட்ட உறையில் நிறம் மாறும் அடையாளத்தைக் கேட்டபோது காட்டினார்கள், எங்கள் முன்னால்தான் பிரித்தார்கள். கையுறையோடு எக்ஸ்ரே கம்ப்யூட்டரைத் தொட்டவர் அதை மாற்றிக்கொண்டுதான் திரும்ப வந்தார். என் பழைய வேலைக்கு இது போதும்.

இவ்வளவு செலவழிக்க முடியாதவர்களுக்குச் சென்னையில் வழி இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953இல் தொடங்கியது, குழந்தைகளுக்குத் தனித் துறை உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும். போரூர், மதுரவாயல், வேலப்பன்சாவடி பக்கம் இருக்கும் தனியார் பல் கல்லூரிகளிலும் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் பார்க்கிறார்கள். தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு, நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

முழு மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் பதறவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். மிகச் சின்னப் பிள்ளைக்கு நிறையப் பல் கெட்டிருந்தால் அது முறையான சிகிச்சைதான். மயக்க மருந்து டாக்டர் தனியாக இருக்கிறாரா, எந்த மருத்துவமனையில் செய்வார்கள், அவசரம் என்றால் என்ன வசதி இருக்கிறது என்று மூன்றையும் கேளுங்கள்.

கிளம்பும்போது ஃபிரிட்ஜில் ஒட்ட ஒரு தாள் கொடுத்தார்கள். விளையாடும்போது நிரந்தர முன்பல் வேரோடு விழுந்துவிட்டால் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுத்து, முடிந்தால் அதே குழியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறிய பாலில் போட்டு, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓட வேண்டும். பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது, வளரும் பல் கெட்டுவிடும். அது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் விளையாட்டு வாத்தியாரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், கூட்டம் படிக்கட்டு வரை நிற்கும். வார நாளில் காலை நேரம் கேட்டு வாங்குங்கள், பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை. முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிகள் ஏறும் முன் கீழேயிருந்து ஒரு ஃபோன் செய்தால், பிள்ளையை அழைத்துப்போக மேலேயிருந்து ஆள் வருகிறார்கள்.